சிறுமலையில் மூன்று நீல ஸ்ப்ரூஸ்

மகள் வினோலியா கனடாவில் வீடு வாங்கியதும் அனுப்பிய முதல் படத்தில், வாசலோரம் ஒரு மரம் நின்றது. பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. பலமுறை துவைத்து வெளுத்த நீலச் சேலையின் நிறம். "புளூ ஸ்ப்ரூஸ்மா" என்றாள் மகள். அதைத் தானும் வளர்க்க வேண்டும் என்று ஜெயமேரிக்குத் தோன்றிவிட்டது. எதற்கு என்று கேட்க வீட்டில் ஆளில்லை. கணவர் செபஸ்தியான் அதற்கு முந்தைய வருடமே போய்ச் சேர்ந்திருந்தார்.

தபாலில் வரவழைத்து, திண்டுக்கல் வீட்டு மொட்டைமாடியில் போட்ட முதல் விதைகள் முளைத்தன. சித்திரை வெயிலில் நாலே நாளில் கருகின. அப்போதுதான் செபஸ்தியான் மேலே சிறுமலைக் குளிரில் வாங்கிப் போட்ட இருபது சென்ட் நிலம் நினைவுக்கு வந்தது. அடுத்த முறை முளைத்ததில் மூன்று நாற்றுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும் என்று கைக்கெட்டும் தூரத்தில் நட்டாள்.

முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். சனிக்கிழமை தோறும் மலையேறி, வார்டில் ரவுண்ட்ஸ் போவதுபோல ஒவ்வொரு கிளையாகத் தொட்டுப் பார்ப்பாள். ஏழு வருடத்தில் செடிகள் அவள் நெஞ்சளவுக்கு வந்தன. இந்த மரங்களைப் பற்றி மகளிடம் மூச்சு விடவில்லை. ஊருக்கு வரும்போது கூட்டிப்போய்க் காட்டலாம் என்றிருந்தாள். வினோலியாவுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை.

போன ஐப்பசியில் மழையும் மூடுபனியும் விடவே இல்லை. அடிக்கிளைகளின் ஊசியிலைகள் செம்பழுப்பாகி, தொட்டாலே கொட்டின. பக்கத்துத் தோட்டத்தில் காப்பி போட்டிருக்கும் பாண்டியை அழைத்து வந்து காட்டினாள்.

"பூஞ்சணம் சிஸ்டர்" என்றான் பாண்டி, ஒரு கிளையைத் திருப்பிப் பார்த்து. "இம்புட்டு நெருக்கமா வச்சா காத்து எப்படிப் போகும்? ஈரம் காயவே காயாது. போர்டோ கலவைன்னு மருந்து இருக்கு, அடிக்கலாம். ஆனா ரெண்ட எடுத்தாத்தான் ஒண்ணு தங்கும்."

"ஒத்தையா நிக்குமேப்பா."

"நின்னாத்தான் பிழைக்கும்."

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மகள் வீடியோவில் அழைத்தாள்.

"வாசல் மரத்தக் கொஞ்சம் காட்டுடி. அடிக்கிளை எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"எந்த மரம்?"

"அந்த நீல மரம்தான்."

"அதுவா? வெட்டி ரெண்டு வருஷம் ஆச்சேம்மா. கார் நிறுத்த இடம் பத்தல."

"சொல்லவே இல்லயே நீ."

"மரம் வெட்டுனதெல்லாமா சொல்லுவாங்க? சாப்டியா நீ?"

"சாப்டேன்" என்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மகள் இன்னும் ஏதேதோ பேசினாள்.

இரண்டு சனிக்கிழமை அவள் மலைக்குப் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை போனாள். பாண்டி அரிவாளோடு வந்தான். எது இருக்க வேண்டும் என்று அவளே பார்த்துச் சொன்னாள். வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நோய்ப்பட்ட கிளைகளையும் உதிர்ந்த ஊசிகளையும் ஒன்று விடாமல் கூட்டி எரித்தார்கள். நின்ற மரத்துக்கு மருந்தடித்தார்கள்.

"மகளுக்குப் பிடிச்ச மரமா சிஸ்டர்?"

ஜெயமேரி கையைக் கழுவிக்கொண்டே, "எனக்குப் பிடிச்சது பாண்டி" என்றாள்.

பங்குனிக் கடைசியில் நுனிகளில் புதுத் தளிர் விட்டது; விரலில் பொடியாக ஒட்டும் வெளிர் நீலம். அடிப்பகுதி மொட்டையாகவே இருந்தது. பாண்டி கல்யாண வீட்டுக்காக நத்தம் போயிருந்தான். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சிறிது நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு நடந்தாள்.