அக்னி மூலைக்கு மேலே ஒரு சிவப்புக் குப்பி

சித்தப்பாவின் கடை திறப்பதற்கு முந்தின நாள்தான் அதை முதலில் பார்த்தேன். கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் பித்தளைக் குமிழ். அதன் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் சிவப்புத் திரவம். தாராவியில் எங்கள் வீட்டிலோ, அப்பா வேலை பார்த்த தோல் பட்டறையிலோ அப்படி ஒன்று கிடையாது. வாஷியில் புதிதாகக் கட்டிய வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் சித்தப்பா ரெடிமேட் கடை போட்டிருந்தார். அங்கே எனக்கு எல்லாமே புதுசு.

அலமாரி அடித்த தச்சர் இந்தியில் விளக்கினார்: சூடு பட்டால் குப்பி உடையும், தண்ணீர் கொட்டும். எனக்கு அது போதும். ஷட்டர் இறங்கிவிடும், தண்ணீர் முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஏறும், நான் ஃப்ராக்குகளோடு மிதப்பேன் என்று முடிவுசெய்துவிட்டேன். எனக்கு அப்போது ஏழு வயது.

சித்தப்பாவுக்கு வேறு பயம். தீபாவளிச் சரக்கு முழுவதும் கடன் வாங்கி இறக்கியிருந்தார். மறுநாள் காலை கணபதி ஹோமம். மாட்டுங்காவிலிருந்து வந்த ஐயர் திசை பார்த்து, தென்கிழக்கு மூலையில்தான் குண்டம் வைக்க வேண்டும் என்றார். அதுதான் அக்னி மூலை. நேர் மேலே அந்தக் குமிழ்.

“சாமி, கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடலாமா?”

“அக்னி மூலையை எங்கே தள்றது? வேணும்னா உங்க குழாயைத் தள்ளிக்கோங்கோ.”

சித்தப்பா வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அந்த மாடி முழுவதற்கும் தண்ணீர் விடும் சிவப்புச் சக்கரம் படிக்கட்டு ஓரமாக இருந்தது. வாட்ச்மேன் அதைச் சுற்றி மூடி, குழாயில் நின்ற தண்ணீரையும் வடித்துவிட்டார்.

அப்படியும் நான் ஹோமம் முழுக்கக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “ஏளா, மேல என்னத்தப் பாக்க? சாமியப் பாரு” என்று சித்தி அதட்டினாள். முடிவில் நெய்யை ஊற்றியதும் தீ எழும்பியது. டிக் என்று ஒரு சத்தம். நான் அலறினேன். கருத்து நாறும் தண்ணீர் ஒரு கையளவு ஐயரின் தோளில் விழுந்து நின்றுவிட்டது.

“கங்கையே வந்துட்டா” என்று ஐயர் துண்டால் துடைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். முன்கூட்டியே சக்கரத்தை மூடவைத்த சித்தப்பாவின் மூளையை மெச்சினார்கள்.

ஆனால் இனி அதைத் திறக்க முடியாது. திறந்தால் உடைந்த குமிழ் வழியே சரக்கின்மேல் கொட்டும். புதுக் குமிழ் மாட்டக் கடையை அடைக்க வேண்டும். “தீவாளி கழியட்டும்” என்றார் சித்தப்பா. வாட்ச்மேன் தலையாட்டினார். எனக்குத்தான் பெரிய நிம்மதி.

கட்டடங்களுக்கு இந்தத் தீயணைப்புக் குழாய்களை வரைவதுதான் இப்போது என் வேலை. இவை வளர்ந்து வந்த வரிசை எனக்கு மனப்பாடம். முதலில் ஓட்டை போட்ட குழாய்; தீப்பிடித்தால் யாராவது ஓடிப்போய்த் திறக்க வேண்டும், கூடம் முழுக்க நனையும். அடுத்து, சூட்டில் உருகும் ஈயப் பற்றால் அடைத்த குமிழ். சூடேறிய இடத்துக் குமிழ் மட்டும் தானாகத் திறக்கும். ஆகவே நான் மிதந்திருக்க வழியே இல்லை. பிறகு கண்ணாடிக் குப்பி. பிறகு இன்னும் மெல்லிய குப்பி. சரக்கை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் ஆளையும் காப்பாற்றும் வேகத்தில் உடைவது. அப்புறம், சக்கரத்தை எவராவது மூடினால் காவல் அறையில் மணி அடிக்கும் ஒரு சிறு சுவிட்ச். அதை வரையும்போதெல்லாம் என் கை ஒரு கணம் நிற்கும். அந்த வளாகத்தில் அது இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மதியம், தோள்பையும் கைப்பையும் விற்கும் பக்கத்து பேக் கடையில் அலங்கார விளக்கு வயர் புகைந்தது. ரெக்ஸின் பற்றினால் எப்படி எரியும் என்று அன்றுதான் பார்த்தேன். கரும்புகை கூரையோடு ஒட்டி எங்களை நோக்கி வந்தது. கடைக்கு ஒத்தாசையாக வந்திருந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைவழியில் ஓடினாள். முன்னால் சித்தப்பா, சித்தி.

அப்போது தலைக்குமேல் டிக் என்றது. இன்னொரு டிக். நடைவழிக் குப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. சித்தப்பா ஓட்டத்தை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. நல்லவேளை, தண்ணீர் வரவில்லை என்று நினைத்தேன். சித்தப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. “என்ன நிக்கிய? இறங்குங்க!” என்று சித்தி அவர் முதுகில் அறைந்து தள்ளினாள். படிக்கட்டில் கண் தெரியவில்லை. அம்மாவின் இருமல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

எல்லோரும் பிழைத்தோம். தீயணைப்பு வண்டி வருவதற்குள் பேக் கடை கரியாகிவிட்டது. எங்கள் கடையில் புகை மட்டும் ஏறியிருந்தது. “அந்த ஹோமந்தான் காப்பாத்திச்சு” என்று சித்தி தெருவிலேயே நின்று கும்பிட்டாள்.

பேக் கடைக்காரர் புருவமெல்லாம் சாம்பலாக எங்களிடம் வந்தார். சித்தப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, “அண்ணா, பச்சி டீக் ஹை?” என்று என்னைக் காட்டி, குழந்தை நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார்.

சித்தப்பா கையை உருவிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் போய் நிற்கிற மனிதரிடம் இப்படியா நடந்துகொள்வது என்று எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. எங்கள் குடும்பத்தின் மரியாதையைக் காப்பாற்ற நானே முன்னால் போய், நன்றாக இருக்கிறேன் என்று, “டீக் ஹூன், அங்கிள்” என்றேன்.