சுரங்கப்பாதைச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்

நீங்கள் இதை நம்பப் போவதில்லை. செல்வியே நம்பவில்லை. என் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து வருடக்கணக்காகத் தைக்கிறவள், என் தும்மலை வைத்தே எந்தத் துணியின் தூசி என்று சொல்லக்கூடியவள், அவளே கேட்டுவிட்டு, "யக்கா, வெயில் மண்டைக்கு ஏறியிருக்கும், விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தையலைப் பார்க்கப் போய்விட்டாள். வெயில்தான் என்று முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதிதான்.

காத்து, கருப்பு என்று பேசுகிற வீட்டில் நான் வளரவில்லை. சின்ன வயதில் பயமாக இருக்கிறது என்று சொன்னால் எங்கள் அப்பா, "முழங்கால் போட்டு ஜெபம் பண்ணு, பண்ணிட்டுப் படு" என்பார், அத்தோடு சரி. பக்கத்து வீட்டில் யாருக்காவது மந்திரித்துக் கயிறு கட்டினால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் இன்றைக்கு உங்களிடம் பயத்தைச் சொல்ல வரவில்லை. பயம் இருந்தது, போய்விட்டது. போகாமல் இருப்பது வெட்கம்தான்.

என் பெயர் எஸ்தர். கோவில்பட்டியில் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிறேன், சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் வைத்துப் பூவும் கொடியும் எடுக்கிற வேலை. கடை ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். நடுவில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், மற்ற நாளில் மூத்திர வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நான் மட்டும் நிற்பேன், ஏனென்றால் அந்தச் சுவர்களில் இருக்கிற படங்களுக்கு இணையாக இந்த ஊரில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஒரு பக்கச் சுவர் கல்லூரிப் பிள்ளைகள் வந்து பெயிண்டில் வரைந்தது. கம்பங்கதிரைக் கொத்துகிற குருவிகள், தீக்குச்சியை உரசுகிற கை, ஹாக்கி மட்டையோடு குனிந்து ஓடுகிற பெண். அந்தப் பெண்ணின் பின்னலை ஒரே இழுப்பில் போட்டிருந்தார்கள். அந்த வளைவை நான் ஒரு ஜாக்கெட்டின் கையில் கொடியாக எடுத்தேன், போட்டுக்கொண்ட மணப்பெண்ணுக்கு அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

எதிர்ச் சுவரில் இருப்பது யாரும் அனுமதி கேட்டு வரைந்தது இல்லை. அம்பு குத்திய இதயங்கள், சுரண்டி எடுத்த கட்சிச் சின்னங்கள், ஒருத்தியின் பெயர், அதன் மேல் வேறொருவன் அடித்த கோடு. இதற்கெல்லாம் நடுவில் யாரோ ஒருவன் கரியால் வரைந்துகொண்டிருந்தான். அவன் புதிதாக எதையும் போட மாட்டான், சுவரில் ஏற்கனவே இருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டுவான். தண்ணீர் கசிந்த கறைக்கு இரண்டு கொம்பு வைத்தான், எருமை ஆகிவிட்டது. காரை பெயர்ந்த குழியைச் சுற்றி நாலு கோடு, வாயைத் திறந்து தூங்குகிற குழந்தை. குழாய் ஓட்டையில் இருந்து ஒரு பூனை எட்டிப் பார்க்கும். ஆண் என்று நான்தான் சொல்கிறேன், பெண்ணாகக்கூட இருக்கலாம், வரைகிறபோது யாரும் பார்த்ததில்லை. புதிதாக ஒன்று வந்துவிட்டதா என்று தினமும் தேடுவேன். வந்திருந்தால் செல்லில் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவேன். என் வாடிக்கையாளர்கள் எல்லாம் பார்ப்பார்கள். எனக்கு ரசனை இருக்கிறது என்று நாலு பேர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.

அன்றைக்குச் சித்திரை வெயில். ஒரு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு மேம்பாலம் வழியாகச் சாப்பிட வீட்டுக்கு வந்துவிட்டு, சுரங்கப்பாதை வழியாகக் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வெளியே கண்ணைத் திறக்க முடியவில்லை, உள்ளே இறங்கியதும் ஒன்றும் தெரியவில்லை. இதைத்தான் செல்வி பிடித்துக்கொண்டாள், வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்கு வந்தால் அப்படித்தான் தெரியும் என்று. சரி. ஆனால் கண் தெளிந்த பிறகும் நான் அங்கே நெடுநேரம் நின்றேன்.

எருமைக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரின் அடியில், ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிற படம் இருந்தது. என்ன அழகு என்கிறீர்கள். தோளில் கிடந்த துண்டு, உதிர்ந்துபோன சுண்ணாம்பின் மிச்சம். வேட்டி, அழுக்குச் சிமெண்ட். குதிகால் வெடிப்புகள் சுவரின் வெடிப்புகளேதான், மழை பொய்த்த கரிசல் காடு மாதிரி. சுவர் தரையில் சேர்கிற இடத்தில் நிறுத்தாமல் காலைத் தரையிலும் இழுத்து வரைந்திருந்தான். ஒரு கை தொடையின் மேல் மல்லாந்து கிடந்தது, எதையோ கேட்கிற மாதிரி. அந்தக் கையை எப்படி இவனுக்குப் போடத் தோன்றியது என்று அசந்துபோனேன்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஆள் இருந்தார், நான் படம் என்று தவறாக நினைத்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. இருந்தது படம். தட்டையாக இருந்தது. பக்கத்தில் போய், கன்னத்தில் நிழலை எப்படிக் கரைத்திருக்கிறான் என்று பார்க்க விரலை வைத்துத் தடவினேன். சொரசொரவென்று சிமெண்ட். ஒரு மணல் துகள் நகத்துக்குள் ஏறியது. சுவர் சில்லென்று இருந்தது.

"எப்பிடிலே வரஞ்ச?" என்று வாய்விட்டுச் சொன்னேன். சிரித்தேன்கூட.

படம் முழுசாக வர வேண்டுமே என்று பின்னால் நகர்ந்து, கல்லூரிப் பிள்ளைகளின் சுவரில், ஹாக்கிப் பெண்ணுக்குப் பக்கத்தில் முதுகு ஒட்ட நின்று, இரண்டு கையாலும் செல்லைத் தூக்கிப் பிடித்து எடுத்தேன். 'முகம் தெரியாத கலைஞன், நம்ம ஊர் சுரங்கப்பாதை' என்று எழுதி, இரண்டு இதயம் வைத்து, அங்கேயே நின்று ஸ்டேட்டஸில் போட்டேன். உடனே பதில்கள் வந்தன. அருமை என்றார்கள், தத்ரூபம் என்றார்கள். மகளுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த ஒரு அம்மா, 'கண்ணு மட்டும் சரியா அமையல எஸ்தர்' என்று போட்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'ஆமாம், கொஞ்சம் செத்த கண்ணா இருக்கு' என்று பதில் போட்டேன்.

அப்போதுதான் சைக்கிளில் டீ கேன் கட்டிக்கொண்டு விற்கிற ஆள் உள்ளே வந்தார். என்னைத் தாண்டிப் போனவர் சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

"யக்கா! என்ன செய்யுதிய? இவருக்கு மூச்சு இழுக்குது, நீங்க போட்டோ எடுத்துக்கிட்டு நிக்கிய?"

"யாருக்கு?"

"யாருக்கா? கண்ணு தெரியலயா உங்களுக்கு? முன்னாலதான கெடக்காரு!"

பார்த்தேன். படம் அசைந்து எழுந்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அங்கே ஒரு மனிதர் கிடந்தார், முதலில் இருந்தே கிடந்தவர் மாதிரி. வாயோரத்தில் நுரை. கண் பாதி மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

டீக்காரர் அவர் தலையை மடியில் வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார், சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டார், நாலு பேர் வந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். என் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையில் செல் வெளிச்சமாக எரிந்துகொண்டிருக்க, மரம் மாதிரி நின்றேன். கூட்டத்தில் ஒருவர், "நாங்க குடிச்சிட்டுக் கெடக்கான்னு நெனச்சுப் போயிட்டோம்" என்று வருத்தப்பட்டுச் சொன்னார். அவர்களாவது ஆள் என்று நினைத்திருக்கிறார்கள்.

கடைக்கு வந்து ஸ்டேட்டஸை அழித்தேன். அழிப்பதற்கு முன் பார்த்தேன். அதில் இருந்தது படமே இல்லை, ஒரு பெரியவர் வெயில் தாக்கிச் சுருண்டு சாகக் கிடக்கிறார், குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பார்த்த ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. நான் ஓவியம் என்று எழுதிவிட்டேன், அவர்களும் ஓவியமாகப் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு அது எப்படி என்று புரிகிறது. எனக்கு எப்படி என்றுதான் புரியவில்லை. நகத்துக்குள் மணல் அப்படியே இருந்தது.

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஆள் பொழச்சிட்டாரான்னு போயி பாத்துட்டு வா. போகலன்னா நீ தூங்க மாட்ட" என்றார்.

இரண்டு நாள் கழித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே போனேன். பெயர் வேலுச்சாமி, விளாத்திகுளம் பக்கம் ஆடு மேய்க்கிறவர். ஆடுகளுக்கு வாய்ப்புண் என்று மருந்து வாங்க வந்த இடத்தில் வெயில் அடித்திருக்கிறது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகள் பேச்சி.

"யாரு நீங்க?" என்றாள்.

"அன்னைக்கு சுரங்கப்பாதையில... நானும் அங்கன இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் தூக்கிவிட்டியளா யக்கா? உங்க பிள்ளையளோட நல்லா இருப்பிய" என்று அழுதாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. போன் நம்பர் கேட்டாள், கொடுத்தேன். காபி வாங்கிக் கொடுத்தாள், குடித்தேன்.

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் பயம் இல்ல தாயி" என்றார். "எல்லாரும் பாவம்னு சொல்லுதாவ. நான் தனியாவே கெடக்கல. எதுத்த சொவத்துல கலர் கலரா படம் போட்டிருக்குல்லா, அதுல ஒரு பொம்பள. மஞ்சச் சேல, பச்சக் கர. ரெண்டு கையாலயும் செல்லத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கா. உசுரோட நிக்க மாதிரியே வரஞ்சிருக்கான். அதத்தான் பாத்துக்கிட்டே கெடந்தேன்."

"அது ஆளா இருந்திருக்கும்லா ஐயா?" என்றேன்.

அவர் சிரித்தார். "ஆளா இருந்தா கூப்பிட மாட்டனா? தொண்ட வறண்டு போயி கெடக்கேன், ஒரு வாய்த் தண்ணி கேக்க மாட்டனா? படத்துக்கிட்ட போயி யாரு தண்ணி கேப்பா?"

"எப்ப பாத்திய அத?" என்று கேட்டேன். நான் அங்கே நின்றபோது பார்த்திருப்பார், மயக்கத்தில் படமாகத் தெரிந்திருக்கும், அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"உக்காரும்போதே பாத்தேனே. காலைல மொத பஸ்ஸுல வந்தேன். மருந்து வாங்கிட்டு வரும்போதே தல சுத்திருச்சு. நெழலா இருக்கேன்னு எறங்கி உக்காந்து நிமிந்தா, அந்தப் பொம்பள நிக்கா. மத்தியானம் வரைக்கும் அங்கனதான் நின்னா."

காலையில் நான் கடையில் நீலச் சேலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கரை போட்ட என் மஞ்சள் சேலை வீட்டில் பீரோவுக்குள் இருந்தது. சாப்பிட வந்தபோது மடியில் குழம்பு கொட்டியதால்தான் அதை எடுத்துக் கட்டினேன். குழம்பு கொட்டாமல் இருந்தால் கட்டியிருக்கவே மாட்டேன்.

அதைச் சொல்லவில்லை. அது நான்தான் என்றும் சொல்லவில்லை. "அடுத்த தடவ வரும்போது திரும்பப் பாக்கணும், அது அங்கன இருக்கும்லா தாயி?" என்று கேட்டார். "இருக்கும் ஐயா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு சுரங்கப்பாதையில் இறங்கவில்லை. சுற்றுவழியாக, மேம்பாலம் ஏறித்தான் கடைக்குப் போகிறேன். கால் வலிக்கிறது. ஸ்டேட்டஸ் போடுவதையும் விட்டுவிட்டேன். ஏன் இப்போது படமே காணோம் என்று வாடிக்கையாளர்கள் கேட்டால் செல் ரிப்பேர் என்கிறேன்.

போன வாரம் பேச்சி போன் பண்ணினாள். பெரியவர் நன்றாக நடமாடுகிறாராம், மறுபடியும் ஆட்டுக்கு மருந்து வாங்க வந்தார்களாம், இவளும் கூட வந்தாளாம்.

"யக்கா, அப்பா சொன்ன படம் நெசமாவே இருக்கு. ஹாக்கி ஆடுத பிள்ளைக்குப் பக்கத்துல. நானும் பாத்தேன்."

நான் கொக்கி ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன்.

"ஆனா அப்பா சொன்ன மாதிரி இல்ல யக்கா. கையில செல் ஒண்ணும் இல்ல. ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு நிக்கா அந்தப் பொம்பள. அன்னைக்கு இப்பிடி இல்லயே, அன்னைக்கு இப்பிடி இல்லயேன்னு அப்பா சொல்லிக்கிட்டே வந்தாவ."

"மஞ்சச் சேலயா?" என்றேன்.

"ஆமா யக்கா, பச்சக் கர. நீங்க தெனமும் அந்த வழியாத்தான போவிய, பாத்திருப்பியளே?"

பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன்.