ஜன்னல் பக்கம் நடந்த மெஷின்

தெருவில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பேர். காலமெல்லாம் தையல் மெஷினில் குனிந்து முதுகு வளைந்ததால் வந்த பேர் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைப்பார்கள். அது இல்லை, வாயால் வந்த பேர். பால்காரரிடம் பால் ஏன் பொங்குகிறது, தண்ணீர் ஏன் பொங்கவில்லை என்பாள். லைன்மேனிடம் கம்பியில் உட்கார்ந்த காக்காய்க்கு ஏன் ஷாக் அடிக்கவில்லை என்பாள். பதில் கிடைக்கும்வரை விடமாட்டாள். கிடைத்தாலும் விடமாட்டாள்.

பிழைப்பு ஒட்டுப்போர்வை. அக்கம்பக்கத்துப் பெண்கள் துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி தைத்துக்கொண்டு வருவார்கள். இவள் அதற்கு அடியில் பஞ்சுத் தகடும், அதற்கும் அடியில் ஒரு துணியும் வைத்து, மூன்றும் விலகாமல் பூவும் கொடியுமாகத் தையல் ஓட்டிக் கொடுப்பாள். சின்ன மெஷினில் இது லேசுப்பட்ட காரியமா? இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி, ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் சாண் அகலச் சந்தில் திணித்து, தள்ளித் தள்ளியே வலது தோள் போய்விட்டது. இன்னும் இப்படியே தள்ளினால் கையைத் தூக்கித் தலைகூட வார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏன் டாக்டர், எடது கையால தள்ளினா?"

டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். ஆக, நீளக்கை மெஷின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தொழிலுக்கு முழுக்குப் போட வேண்டும். அவளுக்கு மூன்றாவது வழி இல்லை.

நீளக்கை மெஷினில் ஊசியைத் தாங்கும் கை நீளமாக இருக்கும்; துணி நகராது, மெஷின்தான் நகரும். பெரிய சட்டத்தின் இரண்டு பக்கத்து உருளைகளிலும் துணி விறைப்பாகச் சுற்றியிருக்கும். அதன்மேல் சின்னத் தண்டவாளத்தில் மெஷின் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் உருண்டு ஓடும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே, பேனாவால் எழுதுவதுபோலத் தைக்கலாம். கடைக்காரர் வேகத்தைப் பற்றியும் தொடுதிரையைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினார். அவள் கேட்டது வேறு.

"கையை எடுத்தா என்ன ஆகும்?"

"நின்னுடும்மா."

"எங்க விட்டாலுமா?"

ஒவ்வொரு மெஷினையும் ஒவ்வொரு மூலையில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தாள். எல்லாம் விட்ட இடத்தில் நின்றன. இருப்பதிலேயே நீளமான கையுள்ளதை வாங்கச் சொன்னார் கடைக்காரர். உருளையைத் திருப்பாமலே பெரிய பூ போடலாமாம். அவள் அதைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள், தோள் சுருக்கென்றது. "மெஷின் கை நீளமா இருந்தா போதுமாங்க? என் கை எட்டணும்ல" என்று நடுத்தரமானதைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் நல்ல மனுஷர். ஓட்டிப் பாருங்கள், சரிப்படாவிட்டால் வேன் அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

வீட்டில் அந்தச் சட்டம் நிற்கக்கூடிய இடம் கூடம் ஒன்றுதான். அளந்து சொன்னது அவள் வீட்டுக்காரர். அவர் மேஸ்திரி. தளம் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "நான் போட்ட தளத்துல கோலிகுண்டு வச்சா வச்ச எடத்துலயே நிக்கும்" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. இப்போது முழங்கால் தேய்ந்து வேலையை விட்டாயிற்று. மண்டியிட முடியாது, சாவி கீழே விழுந்தால்கூட அவள்தான் எடுத்துத் தர வேண்டும். வேலை போனாலும் பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் மனுஷர் தலை நிமிர்ந்து நடந்தார். இந்த வீடும் அவர் கையால் கட்டியதுதான்.

சட்டத்தை மாட்டி, துணி ஏற்றி, முதல் பூவைப் போட்டாள். வட்டம் கேட்டால் முட்டை வந்தது. கையை எடுத்தாள். மெஷின் ஒரு கணம் யோசித்துவிட்டு, மெதுவாக ஜன்னல் பக்கம் நடக்க ஆரம்பித்தது. கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. திரும்ப இழுத்துவிட்டாள், திரும்பவும் நடந்தது. ஜன்னலில் அப்படி என்ன வேடிக்கை என்று அவளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

மேஸ்திரிக்கு முகம் கறுத்தது. கடைக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பாவி மனுஷர் தளம் மட்டமாக இருக்கிறதா என்று கேட்டுத் தொலைத்தார்.

"யார்கிட்ட என்ன கேக்கறீங்க? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஓட்டைச் சாமானைத் தலையில கட்டிட்டு எங்க கூடத்தைக் குறை சொல்றீங்களா? வெள்ளிக்கிழமை வேன் அனுப்பி எடுத்துக்கிட்டுப் போங்க."

அவளுக்குப் பகீரென்றது. "என்னங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேக்கறதுக்குத்தான் நீ இருக்கியே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பிவிட்டார்.

கடையில் நின்ற மெஷின் வீட்டில் ஏன் நடக்கிறது? அவளால் சும்மா இருக்க முடியவில்லை. நூல் சுற்றிய பாபின் ஒன்றை எடுத்துத் தரையில் நிறுத்தினாள். முதலில் நின்றது. பிறகு அசைந்தது. பிறகு சட்டத்துக்கு அடியில் புகுந்து, விறுவிறுவென்று ஓடி, ஜன்னல் சுவரில் டக்கென்று முட்டியது.

இத்தனை காலம் அந்தக் கூடத்தில் சக்கரம் வைத்த சாமான் எதுவும் இருந்ததில்லை. அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது கூடத்தில் பந்து உருட்டினால், "வெளியில போய் விளையாடு" என்று மேஸ்திரி விரட்டுவார். எதற்கும் கடிந்து பேசாத மனுஷர் அதற்கு மட்டும் ஏன் கத்துகிறார் என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள், பதில் வந்ததில்லை. மனுஷருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

சொன்னால் மெஷின் தங்கும், அவர் பேர் போகும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மெஷின் போகும், அதோடு அவள் தொழிலும் போகும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வி தொண்டைவரை வந்து வெளியே வர மறுத்தது.

மறுநாள் காலையில் பட்டும் படாமலும் ஆரம்பித்தாள்.

"என்னங்க, உங்க ரசமட்டம் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"சும்மாதான். அதுல அந்தக் குமிழி ஏன் நடுவுல வந்து நிக்குதுன்னு பாக்கலாம்னு."

மேஸ்திரி அவளையே பார்த்தார். "பரண்ல எங்கயோ கெடக்கும்" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தோளைக் காட்ட டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். வாசலில் மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த வேனை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "புது மெஷின் இல்லையா, எடத்துக்குப் பழகணும். இப்பப் பழகிடுச்சு."

உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்து ஒரு பூ போட்டாள். வட்டம் வட்டமாக வந்தது. கையை எடுத்தாள். மெஷின் அசையவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விட்டாள், வாசல் பக்கம் கொண்டுவந்து விட்டாள். விட்ட இடத்தில் நல்ல பிள்ளையாக நின்றது. குனிந்து சட்டத்தின் கால்களைப் பார்த்தாள். ஜன்னல் பக்கத்துக் கால்களின் அடித் திருகு மட்டும் வெளியே வந்து அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. மாட்டிய அன்று எல்லாத் திருகும் உள்ளேதான் இருந்தன. இதைத் திருப்ப வேண்டுமானால் தரையில் மண்டியிட வேண்டும்.

திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரியின் இரண்டு முழங்காலிலும் தூசி அப்பியிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றும் கேட்காமல் போய்த் தைலத்தை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

சாப்பாடு போட்டாள், கேட்கவில்லை. தண்ணீர் வைத்தாள், கேட்கவில்லை. மேஸ்திரி இரண்டு வாய் சாப்பிட்டார், நிமிர்ந்தார், குனிந்தார். அவரால் முடியவில்லை.

"என்ன, ஒண்ணும் கேக்கலையா?"

"என்ன கேக்கணும்?"

"நீ கேக்காம இருந்தா எனக்குச் சோறு எறங்காது. கேட்டுத் தொலை."

"அப்ப கூடம் கோணல்தானா?"

"கோணல்தான்." சோற்றைப் பிசைந்தார். "என் கையால கோணலாப் போன தளம் இது ஒண்ணுதான். கல்யாணம் ஆன புதுசு. நான் மட்டம் போட்டுக்கிட்டிருக்கேன், நீ வந்து பக்கத்துல குத்த வச்சுக்கிட்டு அது ஏன், இது ஏன்னு ஆரம்பிச்சே. மட்டம் பாக்கறதை விட்டுட்டேன். காஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது."

"அப்படி என்ன கேட்டேன்?"

"யாருக்குத் தெரியும்? நான் உன் மூஞ்சியைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் அடுத்ததைக் கேட்க வாயைத் திறந்தாள். கேள்வி மறந்துபோயிருந்தது.