சுவரோரமாகவே நடந்தவர்

மகளின் நிச்சயதார்த்தத்தை ராசிபுரம் பக்கம் உள்ள ஒரு பழைய வெள்ளைக்காரர் பங்களாவில் வைக்க ஆசைப்பட்டோம். அரண்மனை மாதிரி இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லிவிட்டோம்.

பங்களாவை வாடகைக்கு விடும் மேனேஜர் மாடி ஹாலைக் காட்டினார். மரத்தளம், உயரமான ஜன்னல்கள். இருநூறு பேர் தாராளமாக உட்காரலாம் என்றார். என் கணவர் நடு ஹாலில் நின்று, மேடையை எங்கே போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. எதிர்ப்பக்க ஜன்னலைத் திறக்கப் போனபோதுகூட மேனேஜர் குறுக்கே நடக்காமல் சுவரோரமாகவே சுற்றிப் போனார்.

“ஏனுங்க, இப்படி நடுவுல வாங்க, பேசிக்கலாம்” என்றேன்.

“பரவாயில்லீங்க, இங்கிருந்தே சொல்றனுங்க.”

“எங்களோட ஒரு போட்டோவுக்காவது நில்லுங்க.”

சிரித்தார். வரவில்லை.

கணவரை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஹாலுக்கு நேர் கீழே இருந்த அறை பூட்டிக் கிடந்தது. பழைய சாமான்தான் இருக்கிறது என்றார் பின்னாலேயே இறங்கி வந்த மேனேஜர். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மேல்தளத்தின் நடுப்பகுதிக்கு ஏழெட்டு சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“கூட்டம் நெறைய ஏறுனா மட்டும் கொஞ்சம் பாத்துக்கோணுமுங்க” என்றார் மெதுவாக.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. இப்போதெல்லாம் எந்த மண்டபம் பார்க்கப் போனாலும் சமையலறை, பார்க்கிங் எல்லாம் பிறகுதான். முதலில் காட்ட வந்தவரை நடுவில் நிற்கச் சொல்லிவிட்டு, நான் சுவரோரமாக நின்றுகொள்கிறேன்.