ஹலோ அக்காவுக்குக் கிடைத்த முப்பது விநாடி

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் போன் எடுப்பவருக்கு ஹலோ அக்கா என்று பெயர். வயதில் மூத்த மேலாளரும் அப்படித்தான் கூப்பிடுவார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று பதறிக்கொண்டு பேசுகிறவர்கள், மெக்கானிக் வந்து சேர்வதற்குள் மகளின் படிப்பு, மாமியாரின் மூட்டுவலி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி முடித்திருப்பார்கள். முடித்திருப்பார்கள் என்பதுகூடச் சரியில்லை. பாதியை அவர்கள் சொல்வார்கள், மீதியை அக்காவே சொல்லிவிடுவார்.

அக்கா சாப்பிடப் போகும் அரைமணி நேரத்தில் வரும் அழைப்புகள் வீணாகின்றன என்று மேலாளர் வாய்ஸ்மெயில் வாங்கினார். பொருத்த வந்த டெக்னீஷியன், "பீப் சத்தம் வந்ததும் உங்க குரல்ல ஒரு வரவேற்பு சொல்லுங்கக்கா. முப்பது விநாடிதான்," என்றார்.

"முப்பது விநாடியில என்னப்பா சொல்றது?"

முதல் தடவை, தான் எங்கே சாப்பிடப் போயிருக்கிறோம் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே மெஷின் துண்டித்துவிட்டது. அடுத்த தடவை "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் பதிலுக்காகக் காத்திருந்தார். அதில் எட்டு விநாடி போயிற்று. ஒன்பதாவது தடவை மேலாளர் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். அது இரங்கல் செய்தி மாதிரி இருந்தது. "இதுவே இருக்கட்டும்க்கா," என்று டெக்னீஷியன் பையை மூடினார்.

முதல் வாரம் வாடிக்கையாளர்கள் மெஷினோடு சண்டை போட்டார்கள். அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர், "நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், ஒரு 'உம்' கூடச் சொல்ல மாட்டேங்கறீங்க. எம்மேல எதுவும் கோபமா?" என்று கேட்டு வைத்திருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டு இருபது நிமிஷம் சமாதானப்படுத்தினார். அதற்குள் வந்த மூன்று அழைப்புகள் வாய்ஸ்மெயிலுக்குள் போய் விழுந்தன.

இரண்டாவது வாரம், புதன்கிழமை. சாப்பிட்டுவிட்டு வந்தபோது சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ரகசிய எண்ணை அழுத்தினார். ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமியது. யாரென்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் அவருடைய கணவர்தான். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குரல் சேர்ந்தாற்போல் இத்தனை நேரம் பேசி அக்கா கேட்டதில்லை.

"நான்தான். மெஷினா எடுக்குது? நல்லதாப் போச்சு. ரெண்டு மாசமா சனிக்கிழமை லைப்ரரிக்குப் போறேன்னு சொன்னேன்ல, போகல. நீச்சல் கத்துக்கறேன். தலை ஏன் ஈரமா இருக்குன்னு ஒருநாள் கேட்ட. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வேர்வைன்னு நீயே முடிவு பண்ணிட்ட. அது போகட்டும். எனக்குத் தண்ணின்னா பயம்னு உனக்குத் தெரியும். இந்த வாரம் ஆழமான பக்கத்துல விடறாங்க. நீ வந்து உக்காந்திருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும். அவ்வளவுதான், வச்சிடறேன்."

கேட்கும்போதே அக்கா மூன்று தடவை குறுக்கே புகப் பார்த்தார். மெஷின் வழிவிடவில்லை. மறுபடி கேட்க ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"சார், நான் அவ்வளவா பேசறேன்?" என்று மேலாளரிடம் கேட்டார். மேலாளர் அவசரமாக ஏதோ ஒரு ஃபைலைத் தேட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், "சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார் அக்கா.

"ஏழு மணிக்கு."

"சரி."

இன்னும் ஏதோ வரும் என்று கணவர் வெகுநேரம் காத்திருந்தார். வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று அவருக்குக் கவலையாகிவிட்டது.

சனிக்கிழமை அக்கா நீச்சல்குளத்தோரத்து ஈர பெஞ்சில் கைப்பையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்தார். ரப்பர் தொப்பியும் நீச்சல் கண்ணாடியுமாக, தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு வந்த கணவரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அவர் தண்ணீரில் இறங்கிச் சுவரை விட்டதும் சிரிப்பு நின்றது. பாதித் தூரத்தில் தண்ணீர் குடித்து இருமினார். அக்கா எழுந்தே விட்டார். பயிற்சியாளர் கையமர்த்தினார். கணவர் எப்படியோ கைகால்களை அடித்து எதிர்ச்சுவரைத் தொட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றி ஓடினார்.

"எப்படி இருந்துச்சு?" மூச்சு வாங்கக் கேட்டார் கணவர்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஆனா நடுவுல ஏன் தலையைத் தூக்கினீங்க? அதனாலதான் தண்ணி குடிச்சீங்க. காலையும் ஒரு பக்கமாவே அடிக்கறீங்க, பக்கத்துல இருந்தவரு எப்படி..."

கணவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார்.