மறைப்பு மட்டைக்குப் பின்னால்

கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகன் வந்து நின்ற அந்த ஆகஸ்ட் விடுமுறையில், கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்குள் சொக்லேற்றைவிட அதிகமாக இறங்கியது இங்கிலீசுதான். அதுவும் பள்ளிக்கூடத்து இங்கிலீசு அல்ல. எங்கள் ரீச்சரைக் கேட்டிருந்தாலும் முழித்திருப்பார்.

கனடா அண்ணாவுக்கு அப்போது பதினைந்து வயது. வெயிலும் நுளம்புக்கடியும் அவரைப் பாடாய்ப் படுத்தின. கைத்தொலைபேசிக்குச் சிக்னலும் இல்லாமல் போன ஒரு காலையில், பொழுது போகாமல் தன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துப் பாயில் கொட்டினார். இருபது முகம் கொண்ட தாயக்கட்டை ஒன்று உருண்டு வந்து என் காலடியில் நின்றது. ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் அதற்குள் ஆட்களாகி ஆடும் விளையாட்டு அது. அன்றைக்கே அக்காவும் தம்பியும் நானும் அதில் விழுந்துவிட்டோம்.

கதை சொல்பவருக்கு ஜி.எம். என்று பெயர். அது எப்போதும் அண்ணாதான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கரக்டர். எங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று நாங்கள் சொல்லவேண்டும். அது நடக்குமா இல்லையா என்று தாயக்கட்டை சொல்லும். உடம்பில் எவ்வளவு உயிர் மிச்சம் என்பது ஹிட் பொயின்ற். ஆபத்தில் கடைசியாக ஒரு தடவை உருட்டித் தப்பப் பார்ப்பது சேவிங் த்ரோ. எல்லோரும் சேர்ந்து போகும் கூட்டம் பார்ட்டி. இந்தச் சொற்களை நாங்கள் எந்நேரமும் வாயில் போட்டு மென்றோம். குசினியில் கருவாட்டைத் திருடிப் பிடிபட்ட தம்பி, தனக்கு ஒரு சேவிங் த்ரோ தரவேண்டும் என்று அம்மாவிடம் வாதாடினான். அம்மாவுக்கு விதிமுறை தெரியாததால் அகப்பைக் காம்பால் நேரடியாக அடி விழுந்தது.

ஆனால் நாங்கள் விளையாடிய விதம் அண்ணாவுக்குப் பெரிய தலையிடி. இருண்ட குகை, உள்ளே புதையல் என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால், பக்கத்தில் கிணறு இருக்கிறதா என்று அக்கா கேட்பாள். நிலத்தில் புதைத்த மிதிவெடியெல்லாம் எடுத்தாயிற்றா என்று தம்பி கேட்பான். பூதம் ஒன்று வழியை மறித்தால் அதைக் கொன்றால்தான் பொயின்ற் கிடைக்கும் என்று அண்ணா ஆசை காட்டிப் பார்த்தார்.

"ஏன் சும்மா சண்டை பிடிக்கோணும்? சுத்திப் போவம்," என்றாள் அக்கா. சுற்றித்தான் போனோம். அரிசி மூட்டையோடும் சட்டிபானையோடும் போனோம்.

அக்காவின் கரக்டர் ஒரு வைத்தியச்சி. நீளப் பின்னலோடு அவளைப் படமாக வரைந்து, நிறம் தீட்டி, மடித்துக்கூட வைக்காமல் பாதுகாத்தாள். ஓ.எல். பரீட்சைக்காக அக்கா கிளிநொச்சிக்கு ரியூசன் போய்க்கொண்டிருந்தாள். அண்ணா கொழும்புக்கு ரயில் ஏறுவதற்கு முதல்நாள் காலையிலும் வகுப்பு இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு படலை வரை போனவள் திரும்பி வந்து என் தலையில் குட்டினாள்.

"என்ரை ஆளைப் பத்திரமாப் பாத்துக்கொள். வந்து உன்னட்டைத்தான் கேப்பன்."

எனக்கு அக்காவில் அம்மாவைவிடப் பயம். விளையாடுபவர் இல்லாத நேரத்தில் அவருடைய ஆள் என்.பி.சி. ஆகிவிடும், அந்த ஆளுக்காக ஜி.எம். பேசுவார் என்று அண்ணா விளக்கினார். அந்த விளக்கத்தில் எனக்குக் கொஞ்சமும் நிம்மதி வரவில்லை.

வாசலில் சின்னம்மா சுளகோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சின்னம்மா எங்களோடுதான் இருந்தார். யுத்தம் முடிந்த நாட்களில் ஆமிக்காரர் கூப்பிட்டு, வரிசையில் நின்று ஒரு பஸ்ஸில் ஏறிப்போன சித்தப்பா திரும்பி வரவில்லை. சில நாட்களில் சின்னம்மா சித்தப்பாவின் படத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு, காணாமல் போனவர்களைத் தேடும் வேறு அம்மாமார் இருக்கும் வீதியோரப் பந்தலுக்குப் போய் இருந்துவிட்டு வருவார். எங்கள் வீட்டுக்குக் கிணறு இருப்பதைப் போல, சந்தைக்குப் போய் வருவதைப் போல, இதுவும் எனக்குப் பழகிப்போன விடயம். அதில் கேட்பதற்கு எதுவும் இருப்பதாக நான் நினைத்ததில்லை.

அன்றைக்கு எங்கள் பார்ட்டி ஒரு பாலத்துக்கு வந்தது. பாலத்தில் அரசனின் காவலாளிகள்.

"ஒரு ஆள் மட்டும் எங்களோட வரட்டும், விசாரிச்சிட்டு விடுவம், பிறகு எல்லாரும் போகலாம் எண்டு சொல்லினம்," என்றார் அண்ணா. சொல்லிவிட்டு ஆவலோடு எங்கள் முகத்தைப் பார்த்தார். கனடாவில் இந்த இடம் வந்ததும் அவருடைய சிநேகிதர்கள் எல்லோரும் வாளை உருவுவார்களாம். நாங்கள் வாளைப் பற்றி யோசிக்கவே இல்லை. யாரை அனுப்புவது என்றுதான் யோசித்தோம். வைத்தியச்சி ஒரு பிழையும் செய்யாதவள், அவளை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றான் தம்பி. எனக்கும் அது சரியாகப் பட்டது. அனுப்பிவிட்டோம்.

அண்ணா, பிஸ்கற் பெட்டி மட்டையை மடித்துத் தனக்கு முன்னால் நிறுத்தியிருந்த மறைப்புக்குப் பின்னால் தாயக்கட்டையை உருட்டினார். டொக்கென்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தார்.

"என்ன நடந்தது?" என்றேன்.

"சொல்ல ஏலாது. உங்கட ஆக்கள் பாலத்துக்கு இங்கால நிக்கினம். அவைக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சுகொண்டு விளையாடினால் அது மெற்றாகேமிங்."

அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டவுடனேயே வெறுத்தேன். காத்திருந்து பார்த்தோம். காவலாளிகளிடம் போய்க் கேட்டோம். அப்படி ஒருவரும் இங்கே வரவில்லையே என்று காவலாளியின் குரலில் அண்ணா சொன்னார். வகுப்பு முடியும் நேரமாகிவிட்டது. வெளியே ஒவ்வொரு சைக்கிள் சத்தத்துக்கும் எழும்பி எழும்பி வீதியைப் பார்த்தேன். செத்துப்போனாள் என்றாலாவது அழுது மன்னிப்புக் கேட்கலாம். தெரியாது என்று அக்காவிடம் எந்த வாயால் சொல்வது?

சுளகு தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. சின்னம்மா எங்கள் பாயருகே வந்து நின்றார்.

"என்ன விழுந்தது, ராசா?"

"சொல்ல ஏலாது சின்னம்மா. அது ரூல்."

"நீர் பாத்தனீர்தானே?"

அண்ணா தலையாட்டினார்.

"பாத்தனீர் எண்டால் சொல்லும். செத்திட்டா எண்டால் செத்திட்டா எண்டு சொல்லும். இருக்கிறா எண்டால் இருக்கிறா எண்டு சொல்லும். ரெண்டில ஒண்டைச் சொல்லும்."

சின்னம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. மட்டையை எடுத்து அப்பால் வைத்தார். பின்னால் தாயக்கட்டை தனியே கிடந்தது. அண்ணாவின் காது சிவந்துவிட்டது.

"அது சும்மா உருட்டினது, சின்னம்மா. சில நேரம் ஜி.எம். சத்தத்துக்காக உருட்டுறது, ஆக்களுக்குப் பயம் வரட்டும் எண்டு. நம்பருக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அவாக்கு என்ன நடந்தது எண்டு... நான் இன்னும் யோசிக்கேல்லை."

"யோசிக்கேல்லையோ," என்றார் சின்னம்மா.

தாயக்கட்டையை எடுத்து அண்ணாவின் கையில் கொடுத்தார். விளையாட்டை நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப இப்ப யோசியும். பிள்ளை வாறதுக்கு முன்னம் யோசியும்."

"விட்டிட்டினம். பாலத்தால நடந்து வாறா," என்றார் அண்ணா.

அதைக் கேட்டதும் அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகை எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நாங்கள்தான் அவளைப் போகச் சொன்னோம் என்று விக்கினேன். சின்னம்மா குந்தி இருந்து என் முகத்தைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தார்.

"அழாதை. விசாரிச்சிட்டு விடுவம் எண்டு சொன்னால் ஆர்தான் மறிப்பினம்? நானும் போங்கோ எண்டுதான் சொன்னனான்."

சின்னம்மா ஒரு நாளும் எங்களோடு விளையாடியதில்லை. இவர் எப்போது, யாரைப் போகச் சொன்னார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பெரியவர்கள் ஆறுதலுக்கு எதையாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். அதற்குள் படலையில் அக்காவின் சைக்கிள் மணி கேட்டது. சின்னம்மாவின் கையை விலக்கிக்கொண்டு நான் முற்றத்துக்குப் பாய்ந்து ஓடினேன்.

"உன்ரை ஆள் திரும்பி வந்திட்டா! ஒண்டும் நடக்கேல்லை, வந்திட்டா!" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.