மில்லுக்குப் போன பள்ளிக்கூட வண்டி

காட்டை வெட்டி வயலாக்கியவன் நான். யானை பிரித்துப் போட்ட குடிலைக் கல்வீடாக எழுப்பியவனும் நான்தான். கிணறு வெட்ட வந்தவர்கள் பாறையென்று கைவிட்ட இடத்தில் தண்ணீர் கண்டேன். உருத்திரபுரத்தில் எங்கள் வாய்க்கால் பக்கத்தில் முதன்முதல் நெல் குத்தும் மில் போட்டதும் நானே. இத்தனைக்கும் படித்தது ஐந்தாம் வகுப்பு. இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாத ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய புதிதில் எங்களிடம் காணி இருந்தது, பிள்ளைகள் குறைவு. அறுபதுகள் பிறந்தபோது எந்த வீட்டு வளவைப் பார்த்தாலும் பிள்ளைகள். நெல் விளைந்து வீடுகளில் கொஞ்சம் வசதியும் வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே படிக்கலாம் என்று வந்தது. அதுவரை அது ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளின் இடம். செய்தியைக் கேட்டபோது மண்வெட்டியைப் பிடித்தபடி வரம்பிலேயே நின்றுவிட்டேன். என் மூத்த மகள் வகுப்பில் முதலாம் பிள்ளை.

ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் புகுமுக வகுப்பு இல்லை. வசதியுள்ளவர்கள் பொடியன்களை யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடுகளில் விட்டுப் படிப்பித்தார்கள். பெண்பிள்ளைகள் சாமத்தியப்பட்டுப் பெரியவளானதும் வீட்டோடு நின்றுவிடுவார்கள். "இருந்து படிக்கப் பிள்ளைகள் இருந்தால் வகுப்புத் தருகிறோம். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி வந்து கண்ணால் பார்ப்பார்" என்று கல்விக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் வராவிட்டால் என் மகளின் படிப்பு அதோடு சரி.

பெண்பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

"குமர்ப்பிள்ளையளை றோட்டாலை நடக்க விடச் சொல்லுறியளோ அண்ணை?" என்று பக்கத்து வளவுக்காரர் பாய்ந்தார்.

"ஆரப்பா நடக்கச் சொன்னது? என்ரை வண்டியிலை ஏத்திப் பள்ளிக்கூட வாசல்லை இறக்கிறன். ஒரு காகமும் காணாது."

"அப்பிடியெண்டால் எங்கடை பிள்ளை வரும்" என்று குசினி அடுப்படியிலிருந்து அவர் மனைவி சொன்னார்.

மூட்டை ஏற்றும் வண்டிக்குக் கூடாரம் போட்டு, முன்னும் பின்னும் என் மனைவியின் சேலைகளைத் திரையாகக் கட்டினேன்.

"என்ரை கலியாணக் கூறையையும் கட்டுங்கோவன், மாப்பிள்ளை மட்டும்தான் குறை" என்றாள் அவள்.

வித்தியாதரிசி வரும் காலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். போகும் வழியில் திரைப்பக்கம் திரும்பி, காடு வெட்டிய கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். என் மாடுகளுக்குத் தெரிந்த பாதை ஒன்றுதான். சந்தியில் தாமாகத் திரும்பி, நேரே மில் வாசலில் போய் நின்றன.

அறுவடைக் காலம். நெல்லோடு காத்திருந்த சனம் திரும்பிப் பார்த்தது.

"என்ன அண்ணை, திரை போட்டு நெல்லுக் கொண்டு வாறியள்? மொட்டைக்கறுப்பன் நெல்லோ?" என்று ஒருவன் கேட்டான். திரைக்குள் சிரிப்புக் கிளம்பியது.

வண்டியைத் திருப்ப வழியில்லை, பின்னால் வேறு வண்டிகள் வந்து அடைத்துவிட்டன. வயலுக்கு அப்பால் பள்ளிக்கூட முற்றத்தில் வித்தியாதரிசியின் கார் வந்து நிற்பது தெரிந்தது.

மகள் திரையை விலக்கிக்கொண்டு குதித்தாள். "அப்பா, வாய்க்கால் கட்டாலை போனால் கிட்ட. நாங்கள் நடந்து போறம்."

"சனம் பாக்குது பிள்ளை."

"பாக்கட்டும்."

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் பாவாடை படாமல் தூக்கிப் பிடித்து, வாய்க்கால் கட்டில் ஒருத்தி பின் ஒருத்தியாக நடந்தார்கள். இருபுறமும் விளைந்த நெல். வரிசையில் பக்கத்து வளவுக்காரரும் நின்றார். இனிச் சண்டைதான் என்று நினைத்தேன். அவர் மூட்டைமேல் ஏறி நின்று கத்தினார்:

"கெதியாய்ப் போங்கோ பிள்ளையள், கார் நிக்குது!"

என் வாழ்நாளில் எத்தனையோ கண்டவன், அன்றுபோல மெய்சிலிர்த்து நின்றதில்லை.

வகுப்புக் கிடைத்தது. அதன்பின் பிள்ளைகள் நடந்தே போனார்கள். என் மகளைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டபோது, என்னைப்போலக் காய்த்த கையோடு எத்தனை தகப்பன்மார் அங்கே நின்றார்கள்! அண்ணாந்து அந்தக் கட்டடங்களைப் பார்த்து நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

இப்போது பள்ளிக்கூடம் நினைவு மலர் வெளியிடுகிறது. வகுப்பு வந்தது அன்றைய பள்ளி அதிபரின் முயற்சியால், பெண்பிள்ளைகளின் துணிச்சலால் என்று எழுதியிருக்கிறார்களாம். உண்மைதான். ஆனால் வீட்டுப் படலைக்கு வெளியே அவர்களை வரவைத்தது யார்? மாடு எங்கே போனாலென்ன, வண்டி கட்டியவன் நான். அதை என் பெயரோடு உங்கள் மலரில் அச்சுப் போடுங்கள்.